அடிக்கடி வாய்ப்புண் வருகிறதா? பற்பசைக் குழாயின் பின்பக்கத்தைப் படியுங்கள்

புக்கிட் மெர்தாஜாம்: காலையில் ஒரு மிடறு கோப்பி குடித்தாலே உதட்டின் உள்பக்கம் எரிகிறது. சம்பல் வைத்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கவே தயக்கமாக இருக்கிறது. பேசும்போது நாக்கு பல்லில் பட்டால் கண்ணில் நீர் வருகிறது. அடிக்கடி வாய்ப்புண் வருபவர்களுக்கு இந்த வேதனை பழகிப்போன ஒன்று. ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி இளநீரும் மோரும் குடித்து, புண் ஆறியதும் அதை மறந்துவிடுவார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதைதான்.

ஆனால் நாள்தோறும் இருவேளை அந்தப் புண்ணின் மீதே படுகின்ற ஒரு பொருளைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. அதுதான் பற்பசை. அல்மா வட்டாரப் பேரங்காடியாக இருந்தாலும், நகரின் பழைய கடைத் தெருவில் உள்ள மளிகைக் கடையாக இருந்தாலும், பற்பசை அடுக்கில் இன்று முப்பது நாற்பது வகைகள் நிற்கின்றன. ‘வெண்மை’, ‘மூலிகை’, ‘உப்பு’, ‘கரி’, ‘கூச்சத்திற்கு’ என்று பெட்டியின் முன்பக்கம் பல வாக்குறுதிகள். வாய்ப்புண் வருபவர்களுக்குத் தேவையான செய்தியோ பெட்டியின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கிறது.

அந்தச் சிறிய எழுத்தை எப்படிப் படிப்பது, எந்தப் பொருள் வாயை உறுத்துகிறது, பற்பசையை மாற்றினால் எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம், எப்போது பற்பசையைக் குறை சொல்வதை விட்டுவிட்டு உடனே பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பவற்றை இங்கே காணலாம்.

எது சாதாரண வாய்ப்புண்?

மருத்துவத்தில் ‘ஆஃப்தஸ் புண்’ எனப்படுவதே நாம் சாதாரணமாகச் சொல்லும் வாய்ப்புண். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். நடுவில் வெள்ளை அல்லது மஞ்சள் நிறம், சுற்றிலும் சிவப்பு வளையம். உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடிப்பகுதி போன்ற மென்மையான இடங்களில்தான் இது வரும். மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இது திரும்பத் திரும்ப வருவதாகக் கணக்கிடப்படுகிறது.

இதில் மூன்று வகை உண்டு. பெரும்பாலோருக்கு வருவது 10 மில்லிமீட்டருக்கும் சிறிய புண். 7 முதல் 14 நாளில் தழும்பு இல்லாமல் ஆறிவிடும். இரண்டாவது வகை 10 மில்லிமீட்டரைத் தாண்டும், ஆறுவதற்கு வாரக் கணக்கில் ஆகும், தழும்பும் விழலாம். மூன்றாவது வகையில் 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் பல சிறு புண்கள் கூட்டமாக வரும்.

இவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. உதட்டின் வெளிப்பக்கம் கொப்புளமாக வந்து வெடிக்கும் புண் வேறு. அது ஹெர்பிஸ் கிருமியால் வருவது, தொற்றக்கூடியது. அதேபோல், சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வாயில் புண்ணும், உள்ளங்கை, பாதங்களில் கொப்புளமும் வந்தால் அது கை, கால், வாய் நோயாக இருக்கலாம். பிள்ளையைப் பாலர் பள்ளிக்கு அனுப்பாமல் கிளினிக்கிற்குக் கொண்டு செல்ல வேண்டும். இவற்றுக்கும் பற்பசைக்கும் தொடர்பு இல்லை.

நுரைக்காகச் சேர்க்கப்படும் பொருள்

பற்பசையில் நுரை வருவதற்குக் காரணம் அதில் உள்ள சோப்புத் தன்மை கொண்ட ஒரு பொருள். பெரும்பாலான பற்பசைகளில் அது ‘சோடியம் லாரில் சல்பேட்’. சுருக்கமாக எஸ்.எல்.எஸ். என்பார்கள். முன்பு பற்பசையில் சோப்பையே சேர்த்தார்கள். 1940களுக்குப் பிறகு அந்த இடத்தை எஸ்.எல்.எஸ். பிடித்துக்கொண்டது. விலை குறைவு, நுரை அதிகம் என்பதால் இன்றும் அதுவே பரவலாக இருக்கிறது. பற்பசையின் எடையில் பொதுவாக 0.5 முதல் 2 விழுக்காடு வரை அது இருக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுதான் இதன் வேலை. பல்லில் படிந்த அழுக்கை நெகிழச் செய்வதற்கு அது உதவுகிறது. ஆனால் வாயின் உள்தோலின் மேல் எச்சிலில் உள்ள மியூசின் என்னும் வழுவழுப்பான பொருள் மெல்லிய படலமாகப் படிந்து காவலாக நிற்கிறது. எஸ்.எல்.எஸ். அந்தப் படலத்தையும் குலைக்கிறது. காவல் போனால் அடியில் உள்ள தோலில் காரம், புளிப்பு, உராய்வு எல்லாம் நேராகப் படுகின்றன. சிலருக்குப் பல் துலக்கிய பிறகு கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக, மெல்லிய தாள்போல் உரிந்து வருவதும் இதனால்தான்.

இந்தப் பொருள் வாயில் வேலை செய்வதை வீட்டிலேயே உணரலாம். பல் துலக்கிய உடனே ஆரஞ்சுப் பழச் சாறு குடித்தால் கசக்கும். எஸ்.எல்.எஸ். நாக்கில் இனிப்பை உணரும் திறனைச் சற்று நேரம் மழுங்கச் செய்து, கசப்பைத் தூக்கிக் காட்டுவதே அதற்குக் காரணம்.

நுரை அதிகம் வந்தால் பல் அதிகம் சுத்தமாகும் என்பது ஒரு பழக்கமான எண்ணம். பல்லைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் தூரிகையின் அசைவும் பசையில் உள்ள நுண்ணிய தேய்ப்பான்களுமே. நுரை குறைந்த பசையைப் பயன்படுத்தும்போது முதல் சில நாட்களுக்கு ‘ஒன்றும் போடாததுபோல்’ தோன்றும். அது பழகிவிடும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்தச் சந்தேகம் பெரிதாகப் பேசப்பட்டது 1994இல் நார்வேயில் நடந்த ஒரு சிறிய ஆய்வுக்குப் பிறகு. அடிக்கடி வாய்ப்புண் வரும் 10 பேர் அதில் கலந்துகொண்டனர். எஸ்.எல்.எஸ். உள்ள பசையைப் பயன்படுத்திய காலத்தில் சராசரியாக 14.3 புண்கள் வந்தன. எஸ்.எல்.எஸ். இல்லாத பசையைப் பயன்படுத்தியபோது அது 5.1 ஆகக் குறைந்தது.

ஆனால் பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 1999இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2012இல் தென் கொரியாவில் 90 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் புண்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் எஸ்.எல்.எஸ். இல்லாத பசையைப் பயன்படுத்தியபோது புண் விரைவாக ஆறியது, வலியும் குறைந்தது. 2019இல் நான்கு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு மறுஆய்வு, எஸ்.எல்.எஸ். இல்லாத பசை வாய்ப்புண் உள்ளவர்களுக்கு நன்மை தருகிறது என்ற முடிவுக்கு வந்தது.

ஆகவே, பற்பசையை மாற்றினால் வாய்ப்புண் அடியோடு நின்றுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சிலருக்கு நன்றாகக் குறையும். சிலருக்கு வலி மட்டும் குறையும். சிலருக்கு எந்த மாற்றமும் இருக்காது. ஆனாலும் மாற்றிப் பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை. எஸ்.எல்.எஸ். புற்றுநோயை உண்டாக்கும் என்று கைப்பேசியில் வலம் வரும் செய்திகளுக்கு ஆதாரம் கிடையாது. வாய்ப்புண் வராதவர்கள் அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

லேபிளைப் படிப்பது எப்படி?

மலேசியாவில் பற்பசை அழகுப் பொருள் வகையில் சேர்க்கப்பட்டுள்ளது. அதைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம், சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் (என்.பி.ஆர்.ஏ.) முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆசியான் நாடுகளின் பொது விதிப்படி, கலந்துள்ள பொருள்கள் அனைத்தையும் லேபிளில் எழுத வேண்டும். அதிக எடை உள்ள பொருள் முதலில் வரும். ஒரு விழுக்காட்டுக்குக் குறைவானவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம்.

பட்டியல் ஆங்கில எழுத்தில் இருக்கும். மலாய் மொழியில் ‘உபாட் கிகி’ என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும் பொருள்களின் பெயர் ஆங்கிலத்தில்தான். தேட வேண்டியது ‘சோடியம்’ என்று தொடங்கி, ‘லாரில்’ என்று நடுவில் வந்து, ‘சல்பேட்’ என்று முடியும் மூன்று சொற்கள். பெரும்பாலும் பட்டியலின் நடுப்பகுதியில் இருக்கும். கண் தெரியாத பெரியவர்கள் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம், அல்லது மருந்தகத்தில் உள்ள மருந்தாளரிடம் ‘எஸ்.எல்.எஸ். இல்லாதது’ என்று கேட்டு வாங்கலாம்.

ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களில் குழப்பம் வரும். ‘சோடியம் கோக்கோ சல்பேட்’ என்பது தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த ‘இயற்கைப் பொருள்’ என்று விளம்பரம் செய்யப்படும். ஆனால் அதில் பெரும்பங்கு எஸ்.எல்.எஸ்.தான். ‘சோடியம் லாரெத் சல்பேட்’ அதன் நெருங்கிய உறவு. சற்று மென்மையானது என்றாலும் வாய்ப்புண் உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. ‘சோடியம் லாராயில் சார்கோசினேட்’ என்பது பெயரில் ஒத்திருந்தாலும் வேறு பொருள். ‘கோக்கமிடோபுரோப்பில் பீட்டேன்’, ‘சோடியம் மெத்தில் கோக்காயில் டாரேட்’, ‘ஸ்டீயரெத்-30’ ஆகியவை எஸ்.எல்.எஸ்.க்குப் பதிலாகச் சேர்க்கப்படும் மென்மையான நுரைப் பொருள்கள். இவற்றுள் பீட்டேன் அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை தரலாம்.

ஒரு நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல. ஒரே நிறுவனத்தின் ஒரு வகையில் எஸ்.எல்.எஸ். இருக்கும், இன்னொரு வகையில் இருக்காது. பல் கூச்சத்திற்கென்று விற்கப்படும் பசைகளிலும், வாய் வறட்சி உள்ளவர்களுக்கான பசைகளிலும் அது இல்லாத வகைகள் கிடைப்பது எளிது. அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

மளிகைக் கடைகளில் கிடைக்கும் இறக்குமதிப் பசைகளை வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறக்குமதி செய்த உள்ளூர் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பொருளின் பெயரை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் இட்டுத் தேடினால் அறிவிக்கப்பட்ட பொருளா என்பது தெரிந்துவிடும். இது தேவையற்ற சந்தேகம் அல்ல. 2007இல் பனாமாவில் தொடங்கிப் பல நாடுகளில், டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப் பொருள் கலந்த மலிவான பற்பசைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டன.

ஹலால் சின்னம், ‘சைவம்’ என்ற குறி ஆகியவை பசையில் உள்ள கிளிசரின் போன்றவை எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்கின்றன. பசை மென்மையானதா என்பதை அவை சொல்வதில்லை.

நுரை மட்டுமே காரணம் அல்ல

எஸ்.எல்.எஸ். இல்லாத பசையும் சிலருக்கு எரியும். அதற்கு வேறு பொருள்கள் காரணமாக இருக்கலாம்.

சுவைப் பொருள்கள்: லவங்கப்பட்டைச் சுவை வாயின் உள்தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவது நன்கு அறியப்பட்டது. கடுமையான புதினா, மெந்தால் சுவையும் திறந்த புண்ணில் எரிச்சல் தரும். புண் உள்ள நாட்களில் மிதமான சுவையோ சுவையே இல்லாததோ நல்லது.

வெண்மையாக்கும் பொருள்கள்: பெராக்சைடு கலந்த பசைகளும், கரடுமுரடான தேய்ப்பான் உள்ளவையும் புண்ணை உறுத்தும். கரி கலந்த பசையும் அப்படித்தான்.

பற்காரைத் தடுப்பு: ‘டார்ட்டர் கட்டுப்பாடு’ என்று எழுதியுள்ள பசைகளில் பைரோபாஸ்பேட் என்னும் பொருள் இருக்கும். சிலருக்கு அது ஈறையும் உதட்டையும் எரிச்சலடையச் செய்கிறது.

மூலிகை, பல்பொடி, உமிக்கரி

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு வேப்பங்குச்சி, உமிக்கரி, உப்பு, சாம்பல் எல்லாம் நினைவிருக்கும். கோபால் பல்பொடியும் ரோஜா நிறத்து நஞ்சன்கூடு பல்பொடியும் தமிழர் வீடுகளில் நீண்ட காலம் புழங்கியவை. பொடியில் நுரை வராததால் அது வாய்ப்புண்ணுக்கு நல்லது என்று சிலர் கருதுகிறார்கள். ஆனால் பொடியை விரலால் அழுத்தித் தேய்க்கும்போது உராய்வு அதிகம். உராய்வே வாய்ப்புண்ணைத் தூண்டும் காரணங்களில் ஒன்று. உமிக்கரியும் உப்பும் பல்லின் மேற்பூச்சையும் நாளடைவில் தேய்த்துவிடும்.

‘மூலிகை’ அல்லது ‘ஆயுர்வேதம்’ என்று பெட்டியில் இருப்பதால் எஸ்.எல்.எஸ். இல்லை என்று பொருள் ஆகாது. கிராம்பு, மிளகு, கற்பூரம், இஞ்சி சேர்ந்த பசைகளில் நுரைக்காக எஸ்.எல்.எஸ்.ஸும் இருக்கலாம். அந்தக் காரமான மூலிகைகளே திறந்த புண்ணில் எரிச்சல் தருபவை. மூலிகைப் பசை வேண்டும் என்பவர்களும் பின்பக்கப் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஃபுளோரைடை விட்டுவிடக் கூடாது

மென்மையான பசையைத் தேடும்போது பலர் செய்யும் தவறு, எஸ்.எல்.எஸ்.ஸோடு சேர்த்து ஃபுளோரைடையும் விட்டுவிடுவது. ‘இரசாயனம் இல்லாதது’ என்று விற்கப்படும் பல பசைகளில் இரண்டுமே இருக்காது. பல் சொத்தையைத் தடுப்பது ஃபுளோரைடுதான். வாய்ப்புண்ணுக்கு அது காரணம் அல்ல.

பெரியவர்களுக்கு 1,000 முதல் 1,500 பி.பி.எம். வரை ஃபுளோரைடு உள்ள பசை ஏற்றது. மலேசியாவில் அழகுப் பொருளாக விற்கப்படும் பசையில் அதிகபட்ச அளவு 1,500 பி.பி.எம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் பசை போதும். பெரியவர்களுக்கும் விளம்பரத்தில் வருவதுபோல் தூரிகை முழுதும் நீளமாகப் பிழிய வேண்டியதில்லை. பசை குறைந்தால் வாயில் படும் நுரைப் பொருளும் குறையும்.

மாற்றிப் பார்ப்பது எப்படி?

ஒரு வாரத்தில் முடிவு செய்துவிடக் கூடாது. வாய்ப்புண் வருவதும் போவதும் இயல்பு என்பதால், புதிய பசை வாங்கிய வாரத்தில் புண் ஆறினால் அது பசையால்தான் என்று சொல்ல முடியாது. மூன்று மாதம் பொறுத்திருந்து கணக்குப் பார்ப்பது சரியான வழி.

வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே இதற்குப் போதும். புண் தோன்றிய நாளில் ஒரு புள்ளி, ஆறிய நாளில் ஒரு கோடு. வலி அதிகமாக இருந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம். முடிந்தால் பழைய பசையைப் பயன்படுத்தும்போதே ஒரு மாதம் குறித்துவைத்து, பிறகு மாற்றலாம். அந்த மூன்று மாதத்தில் மற்றவற்றை மாற்றக் கூடாது. பசை, தூரிகை, வாய் கொப்பளிக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்பது தெரியாமல் போகும். வாய் கொப்பளிக்கும் மருந்திலும் எஸ்.எல்.எஸ்.ஸோ ஆல்கஹாலோ இருக்கலாம் என்பதால் அதன் லேபிளையும் பார்க்க வேண்டும்.

மென்மையான நார் கொண்ட சிறிய தலைத் தூரிகையே ஏற்றது. அவசரமாகத் துலக்கும்போது தூரிகையின் முனை கன்னத்தில் இடித்த இடத்தில் இரண்டு நாள் கழித்துப் புண் வருவது பலர் அனுபவம். கூர்மையாக உடைந்த பல், சரியாகப் பொருந்தாத பல்செட், பிள்ளைகளின் பல் கம்பி ஆகியவையும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புண்ணை உண்டாக்கும். அதற்கு எந்தப் பற்பசையும் தீர்வாகாது. பல் மருத்துவர் அந்தக் கூர்மையைத் தேய்த்துவிட்டால் போதும்.

புண் இருக்கும் நாட்களில்

ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொப்பளிப்பது எளிய வழி. மருத்துவர் குளோர்ஹெக்சிடின் மருந்து கொடுத்திருந்தால், எஸ்.எல்.எஸ். உள்ள பசையால் பல் துலக்கிய உடனே அதைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மருந்தின் பலன் குறையும். குறைந்தது அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். சாலிசிலேட் கலந்த வாய்ப்புண் களிம்புகளைப் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் போடக் கூடாது. வாங்கும் முன் மருந்தாளரிடம் பிள்ளையின் வயதைச் சொல்ல வேண்டும்.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பாலில் சமைத்துக் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். நல்ல உணவு, காரமில்லாதது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் மாதந்தோறும் புண் வருபவர்கள் கீரையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

பசையை மாற்றியும் நிற்கவில்லை என்றால்

மூன்று மாதமாகியும் மாற்றம் இல்லை என்றால் காரணம் வாய்க்குள் இல்லாமல் இரத்தத்தில் இருக்கலாம். இரும்புச்சத்து, ஃபோலேட், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைபாடு திரும்பத் திரும்ப வாய்ப்புண்ணை உண்டாக்கும். மாதவிடாய் அதிகமாக உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது சாதாரணம். பால், முட்டைகூடச் சேர்க்காத நீண்டகாலச் சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறையலாம். தைப்பூசத்திற்கு 48 நாள் விரதம் இருப்பதால் மட்டும் அது குறைந்துவிடாது. உடலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பில் இருக்கும்.

நீரிழிவு நோயாளிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால் பி12 குறையக்கூடும். நாக்கு வழுவழுப்பாகச் சிவந்து எரிவது, கை கால் மரத்துப்போவது ஆகியவற்றோடு வாய்ப்புண்ணும் இருந்தால், அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

வேறு சில மருந்துகளும் வாய்ப்புண்ணைத் தருபவை. நெஞ்சு வலிக்கான நிக்கோராண்டில் அவற்றில் ஒன்று. மூட்டு வாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களுக்கு வாய் முழுதும் புண் வந்தால் அது மருந்தின் அளவு உடலுக்கு அதிகமாகிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். தைராய்டு நோய்க்குக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சல், தொண்டை வலியோடு வாய்ப்புண் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு, எடை குறைவு, கண் சிவப்பு, பிறப்புறுப்பில் புண் ஆகியவற்றோடு வரும் வாய்ப்புண்ணையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆறாத புண்: இங்கே தாமதம் கூடாது

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். சாதாரண வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறும். மூன்று வாரம் கடந்தும் ஒரே இடத்தில் ஆறாமல் நிற்கும் புண்ணுக்குப் பற்பசையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. அது வாய்ப் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அதிலும் வலி இல்லாத புண்ணையே அதிகம் சந்தேகிக்க வேண்டும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதால்தான் பலர் காலம் கடந்து வருகிறார்கள்.

மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடையேதான் வாய்ப் புற்றுநோய் அதிகம் காணப்படுகிறது. வெற்றிலைப் பாக்கு போடும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காமல் போட்டால் கெடுதல் இல்லை என்று பாட்டிமார் சொல்வதுண்டு. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று வகைப்படுத்தி, அந்த அறிக்கையை 2004இல் வெளியிட்டது. பாக்கே அதற்குக் காரணம்.

பாக்குப் போடுபவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, நார்போல் இறுகி, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போவதுண்டு. அதற்கு முன்பே கார உணவு பட்டால் வாய் எரியத் தொடங்கும். ‘மிளகாய் தாங்கவில்லை, பற்பசை எரிகிறது’ என்பதுதான் முதல் புகாராக இருக்கும். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. மென்மையான பசை எரிச்சலைக் குறைத்துவிட்டால் நோய் மறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. மூன்று விரலை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் வைக்க முடியவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் உள்ள தாத்தா பாட்டியின் வாயைப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை கைப்பேசி வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. நாக்கின் பக்கவாட்டு, நாக்கின் அடி, கன்னத்தின் உள்பக்கம் ஆகிய இடங்களில் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கட்டி ஏதேனும் இருந்தால் உடனே அழைத்துச் செல்ல வேண்டும். பல்செட் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் காட்ட வேண்டும்.

எங்கே செல்வது?

மத்திய செபெராங் பிறை வட்டாரத்தில் உள்ளவர்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்கப் பல் கிளினிக்கிற்கோ சுகாதார கிளினிக்கிற்கோ செல்லலாம். சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கான வெளிநோயாளி கட்டணம் 1 ரிங்கிட்தான். இரத்தப் பரிசோதனைக்கும் அங்கேயே கேட்கலாம். ஜாலான் கூலிமில் உள்ள புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனை, செபெராங் ஜெயா மருத்துவமனை ஆகியவையும் அருகில் உள்ளன. சந்தேகமான புண்ணாக இருந்தால் கிளினிக்கிலிருந்து வாய் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பிவைப்பார்கள். அங்கே சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் சிறிய சிகிச்சைதான் அது. செல்லும்போது நாட்காட்டிக் குறிப்பையும், சாப்பிடும் மருந்துகளையும், பயன்படுத்தும் பற்பசைப் பெட்டியையும் கையோடு கொண்டுசென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

சுருக்கமாக

• சோடியம் லாரில் சல்பேட் இல்லாதது, 1,000 முதல் 1,500 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ளது, மிதமான சுவை கொண்டது: வாய்ப்புண் வருபவர்கள் தேட வேண்டிய பசை இதுதான்.

• நிறுவனப் பெயரையோ ‘மூலிகை’ என்ற சொல்லையோ பார்க்காமல், பின்பக்கப் பட்டியலைப் பார்த்து வாங்க வேண்டும்.

• மென்மையான தூரிகை, பட்டாணி அளவு பசை, மூன்று மாதக் கணக்கு.

• குறையவில்லை என்றால் இரத்தப் பரிசோதனையும் மருந்துப் பட்டியலும்.

• மூன்று வாரம் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் பல் மருத்துவர் பார்க்க வேண்டும். பாக்கு, புகை, மது ஆகிய பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

வாய்ப்புண்ணோடு பல ஆண்டுகளாக வாழ்ந்து பழகிவிட்டவர்கள் பலர். அடுத்த முறை பற்பசை வாங்கும்போது பெட்டியைத் திருப்பி ஒரு நிமிடம் படித்தால், அவர்களில் சிலருக்காவது மாதத்தில் சில நாட்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை யாரிடமாவது காட்ட வேண்டும் என்ற ஒரு செய்தி வீட்டுப் பெரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால், ஓர் உயிரும் காப்பாற்றப்படலாம்.